கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

அதே நெடுஞ்சாலைதான்.
மெக்காலனிலிருந்து மினசோட்டா,
ஆயிரத்து அறுநூறு மைல்.
பதினோரு கோடைகள் அப்பாவின் வேனில்,
மடியில் தம்பி ரமீரோ, காலடியில் களைக்கொத்துகள்.
பன்னிரண்டாவது கோடையில்
பல்கலைக்கழகம் விமான டிக்கெட் அனுப்பியது.
ஜன்னலோரம் உட்கார்ந்து
கீழே தெரியாத சாலையை
ஊர் ஊராக எண்ணிக்கொண்டு வந்தேன்.

பத்து வாரம். மண் ஆய்வுக்கூடம்.
தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு,
போதாததற்கு வாரச் சம்பளமும்.
"எதற்குச் சம்பளம்?" என்றாள் அம்மா.
"படிக்க."
"படிப்புக்கு நாம்தானே கொடுக்க வேண்டும்?"
எங்கோ ஏமாற்று இருக்கிறது என்று
முதல் காசோலை வரும்வரை நம்பவில்லை.

முதல் நாள் ஒரு படிவம்.
பெயர்: நெரெய்தா வியாரியால்.
முன் ஆய்வு அனுபவம்:
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
பக்கத்தில் மிசிசிப்பிக்காரன் லியோட்டிஸும்
வெறுமையாக விட்டான்.
ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தோம்,
காப்பியடிக்கவும் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம் பட்டம் என்றால் முற்றுப்புள்ளி.
தொப்பி, அங்கி, ஒரு படம், ஒரு கேக்.
அதற்கு அப்பாலும் படிப்பு உண்டு,
முனைவர் படிப்புக்குச் சம்பளம் உண்டு,
விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாது என்றால்
விட்டுவிடுவார்கள்,
இதெல்லாம் எனக்குத் தெரிந்தது
மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை இரவு,
துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால்.
பாஹுவா சொன்னாள், செயின்ட் பால் நகரத்து மோங் பெண்.
அவளுக்கே போன கோடையில்தான் தெரியுமாம்.
கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளைகள்
கேட்டு வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்
இத்தனை காலமும், சத்தம் போடாமல்.

கணினித் திரையில் நாற்பது புள்ளிகள்.
முப்பத்தொன்பதும் கோட்டையொட்டி நின்றன,
களையெடுத்த வயலின் வரிசை போல.
ஒன்று மட்டும் தள்ளி, மேலே.
என் விரல் அழிக்கப் போனது.
வரிசைக்கு வெளியே நிற்பதை வெட்டு:
ஒன்பது வயதில் படிந்தது,
விரலை விட்டுப் போகுமா?
பாஹுவா மணிக்கட்டைப் பிடித்தாள்.
"பிடுங்காதே. ஏன் அங்கே நிற்கிறது என்று கேள்."

கேட்கப் போனோம், மண் துளைக்கும் குழாயோடு.
ஏழாவது வாரம், கிரூக்ஸ்டனுக்கு வடக்கே,
சர்க்கரை எடுக்கும் பீட் வயல்.
வேன் திரும்பிய திருப்பத்திலேயே
வயிறு சொல்லிவிட்டது.
நீலக் களஞ்சியம். சாய்ந்த தபால்பெட்டி.
இங்கேதான் ரமீரோ செருப்பைத் தொலைத்தான்.
இங்கேதான் நான் முதல் முறை மயங்கி விழுந்தேன்.

மறுகோடியிலிருந்து ஒரு குடும்பம்
குனிந்தபடி வந்துகொண்டிருந்தது.
தலையில் துணி சுற்றிய பெண் நிமிர்ந்து
ஸ்பானிஷில் கேட்டாள்:
"ஓட்டை போட எவ்வளவு தருகிறார்கள்?"
சொன்னேன்.
முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
பிறகு களைக்கொத்தை நீட்டிக் காட்டினாள்.
"அந்த வடிகால் மூலையில் போடு.
அங்கே ஒன்றும் முளைக்காது. வெயில் ஏறினால்
உப்புப் பூக்கும்."

"தெரியும்" என்றேன்.
பந்தயம் கட்டி நானும் ரமீரோவும்
அந்த வெள்ளையை நக்கியிருக்கிறோம்.
என் நாக்கு எப்போதோ அளந்துவிட்ட புள்ளி.

நவம்பரில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பம்.
அதே கட்டம். முன் ஆய்வு அனுபவம்.
பத்து வாரம் என்று எழுதினேன்.
அடித்தேன்.
பதினோரு கோடைகளும் பத்து வாரமும் என்று எழுதினேன்.
லியோட்டிஸுக்குப் படமெடுத்து அனுப்பினேன்.
"வெட்டிவிடாதே" என்று பதில்.
அவன் இந்த வருஷம் விண்ணப்பிக்கவில்லை.
அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்,
கார் ஓட்ட அவனை விட்டால் ஆளில்லை.

அம்மாவிடம் சொன்னேன்.
"இன்னும் எத்தனை வருஷம்?"
"ஐந்து. ஆறும் ஆகலாம்."
கரண்டிச் சத்தம் நின்றது.
"சம்பளத்தோடா?"
"சம்பளத்தோடு."
"அங்கே பனி கொட்டுமாமே" என்றாள்.

கொட்டுமாம்.
பதினோரு வருஷம் போய் வந்த ஊரின் பனியை
எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை.
முதல் பனி விழுவதற்குள்
எங்கள் வேலை முடிந்துவிடும்.